பெட்டி திறக்கட்டும்

இரண்டு நாடுகளும் கைகுலுக்கிவிட்டன என்ற செய்தி டீக்கடை டிவியில் ஓடியபோது, துறைமுகத்தின் குளிர்ப்பெட்டி யார்டே கூத்தாடியது. ஆப்பிள் சண்டை முடிந்தது. வரி இறங்குகிறது. இனிமேல் பெட்டிகள் வரும், பெட்டிகள் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் ஓவர்டைம் வரும். கிரேன்காரர் தன் செலவில் எல்லாருக்கும் டீ சொன்னார். அவர் தன் செலவில் டீ சொல்வது, இரண்டு நாடுகள் சமாதானமாவதைவிட அபூர்வம். அந்த டீ ஒருவருக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

"என்ன பிளக்கண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் கிரேன்காரர். "உங்க பெட்டியத்தான் முதல்ல திறக்கப் போறாங்களாம். இத்தனை வருஷம் கட்டிக்காத்தீங்களே, சந்தோஷப்பட வேணாமா?"

"படுறேன், படுறேன்" என்று சொல்லிவிட்டு, மிச்ச டீயை மண்ணில் ஊற்றிவிட்டு, பிளக்குக்காரர் யார்டைப் பார்த்து நடந்தார். அந்தப் பெட்டிக்குள் தன் தங்கை புருஷன் இருக்கிறாரோ என்ற பயத்தோடு வருஷக்கணக்காகப் பிழைப்பு நடத்துகிற மனிதரிடம் போய் சந்தோஷப்படச் சொன்னால் எப்படிப் படுவார்?

பிளக்குக்காரர் என்றதும் வீட்டுக்கு ஒயரிங் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடல் தாண்டி வருகிற பழமெல்லாம் குளிர்ப்பெட்டியில்தான் வரும். லாரி நீளத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. ஒரு முனையில் இரட்டைக் கதவு, மறுமுனையில் மோட்டாரும் காற்றாடியும். கப்பலிலிருந்து இறங்கியதும் மின்சாரம் கொடுக்காவிட்டால் உள்ளே இருப்பது பழமில்லை, குப்பை. அந்த மின்சாரத்தைச் சொருகுவது, பெட்டியின் முகப்பில் எரிகிற எண்ணைப் பார்த்து உள்ளே குளிர் சரியாக இருக்கிறதா என்று கவனிப்பது, மோட்டார் இருமினால் வைத்தியம் பார்ப்பது, இதெல்லாம் அவர் வேலை. ஆப்பிள் பெட்டியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. குளிர் மட்டும் போதாதென்று உள்ளே இருக்கும் காற்றில் பிராணவாயுவையும் குறைத்துவிடுவார்கள். பழம் மூச்சைக் குறைத்துக்கொண்டு தூங்கிவிடும், மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பழத்துக்கு அது தூக்கம். மனிதனுக்கு என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இந்த நாட்டு இரும்புக் குழாய்க்கு அந்த நாடு கூடுதல் வரி போட்டது. பதிலுக்கு இந்த நாடு அந்த நாட்டு ஆப்பிளுக்கு வரியை ஒரே தூக்காகத் தூக்கியது. குழாய்க்கும் ஆப்பிளுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டால் உங்களுக்கு உலக விவகாரம் தெரியாது என்று அர்த்தம். உள்ளூர்த் தோட்டக்காரர்கள் மந்திரியைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பாவம், வெளிநாட்டுப் பழம் வந்து குவிந்ததிலிருந்து அவர்கள் பழத்தைச் சீந்துவார் இல்லை. தள்ளுவண்டிக்காரர்களோ தலையில் கை வைத்துக்கொண்டார்கள். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறவர்கள்கூட ஆப்பிளை விட்டுவிட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அறிவிப்பு வந்த அன்றைக்கு நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்த பெட்டிகளைப் பற்றி ஒரு பெரிய மனிதருக்கும் ஞாபகம் வரவில்லை. கிளம்பும்போது ஒரு வரி, கரை சேரும்போது வேறு வரி. அப்படிக் கரை சேர்ந்த ஒரு பெட்டிதான் பிளக்குக்காரரின் தங்கை புருஷன் இறக்கியது.

அவரை மாப்பிள்ளை என்றே சொல்கிறேன், பிளக்குக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார். மொத்த மார்க்கெட்டில் சின்னதாக ஒரு பழக்கடை. வாய் ஓயாத மனிதர். ஆப்பிளைக் கையில் எடுத்தால் முதலில் முகர்வார், பிறகு காதோரம் வைத்து விரலால் சுண்டுவார், அப்புறம்தான் கடிப்பார். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் அவர் கடித்த இடத்தில் பழத்தின் நடுவே மெல்லிசாக ஒரு வரப்பு நிற்கும். "இது எங்க வீட்டுக்காரர் கடிச்சது, முத்திரை இருக்கு பாரு" என்று தங்கை பழத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். மற்றவர்கள் இறக்குகிற சரக்கில் பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர், முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு முழுப்பெட்டி வரவழைத்தார். இருந்ததையெல்லாம் அதில் போட்டார். "பெட்டி வரட்டும் மச்சான், அப்புறம் பாருங்க" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெட்டி வந்தது. கூடவே வரியும் வந்தது.

சுங்கப் பரிசோதனைக்காக அதைத் திறந்த நாள் பிளக்குக்காரருக்கு நேற்று நடந்த மாதிரி நினைவிருக்கிறது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதிருந்த சுங்க அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது? "நடுக்கடல்ல இருக்கும்போது வரி ஏறிடுச்சு, நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?" என்று அவரே கெஞ்சாத குறை. மாப்பிள்ளை கத்தினார், கும்பிட்டார், மறுபடி கத்தினார். பிறகு விறுவிறுவென்று பெட்டிக்குள் ஏறி ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. இந்தப் பழம் என்ன தப்பு பண்ணுச்சு?" என்று பெட்டிக்குள் நின்றபடியே கேட்டார்.

பிளக்குக்காரர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மழை கொட்டியது. சும்மா மழையில்லை, எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத மழை. ஆளாளுக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதிகாரி குடைக்குள்ளிருந்து, "சாத்துங்கப்பா, சரக்கு நனையுது!" என்று கூவினார். பிளக்குக்காரர் ஒரு கதவைத் தள்ளினார், சுமைக்காரர் ஒருவர் மறுகதவைத் தள்ளினார். நெம்புகோலை இழுத்துப் பூட்டியது பிளக்குக்காரரின் கை. அதிகாரி சீல் வைத்தார்.

அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாரு?" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அதற்குக் கூப்பாடு என்று பெயர். எப்போதோ ஒரு சுமைக்காரர் குளிருக்கு இதமாகச் சாக்குக்குள் சுருண்டு தூங்கி, கதவைச் சாத்திவிட்டார்களாம். அவரை உயிரோடு மீட்டுவிட்டார்கள், வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. பிளக்குக்காரர் கூப்பாடு போடாமல் ஒரு கதவையும் சாத்தியதில்லை, அந்த ஒரு கதவைத் தவிர. மறுபக்கம் நின்ற சுமைக்காரர் போட்டிருப்பார் என்று இவர் நினைத்தார். இவர் போட்டிருப்பார் என்று அவர் நினைத்தார். மழைச் சத்தத்தில் போட்டதும் கேட்காது, போடாததும் தெரியாது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மனம் நொந்து எங்கேயாவது நண்பர் வீட்டில் கிடப்பார் என்றார்கள். காவல் நிலையத்தில் சொன்னார்கள். போலீஸார் வந்து வாயிற்காவலரைக் கேட்டார்கள். "அந்த மழையில எல்லாரும் தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு ஓடுறாங்க. எவன் முகத்தை நான் பார்த்தேன்?" என்றார் அவர். அதுவும் நியாயந்தானே. யார்டில் பெட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோதுதான் பிளக்குக்காரருக்கு அந்த எண்ணம் வந்தது. கூப்பாடு போட்டோமா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. அந்த நாடு சர்வதேச வணிக மன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. கடலில் இருந்த சரக்குக்குப் புது வரி போட்டது அநியாயம், அதற்குச் சாட்சி இந்தப் பெட்டி என்று மனுவில் காட்டியிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை பெட்டியை இருந்த நிலையிலேயே, அதே குளிரில் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய சீலுக்குப் பக்கத்தில் இரண்டாவது சீல் ஏறியது. பிளக்குக்காரர் தட்டுத்தடுமாறி அதிகாரியிடம் போய், "சார், பெட்டிய ஒரு தடவை திறந்து பார்த்துட்டா..." என்று இழுத்தார்.

"என்னய்யா விளையாடுறியா? அது யாரு சீல் தெரியுமா? ரெண்டு கவர்மென்ட்டு சீல். என்னத்தப் பார்க்கணும்?"

என்னத்தை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. உள்ளே இருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். அதைத் திறந்து காட்டினால் தங்கைக்குப் புருஷன் பிணம் கிடைக்கும், கதவைச் சாத்திய கை யாருடையது என்ற செய்தியும் சேர்ந்து கிடைக்கும். திறக்காவிட்டால், எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்றாவது அவள் நம்பிக்கொண்டிருப்பாள். பயந்தாங்கொள்ளித்தனம்தான். அவரே தன்னை அப்படித்தான் திட்டிக்கொள்வார்.

வழக்கு நடந்தது. தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு போனது, அதற்குப் பதில் மனு போட்டார்கள், பேச்சுவார்த்தை என்றார்கள், முறிந்தது என்றார்கள். பெட்டி வந்தபோது கிரேன்காரருக்குத் தலை நிறைய முடி இருந்தது. இப்போது அவர் சீப்பு வாங்கும் செலவு மிச்சம். உள்ளே பழம் எப்போதோ பழமாக இல்லாமல் போயிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் குளிரை நிறுத்து என்று யாரும் எழுதித் தரவில்லை. எழுதித் தராததை எந்த அலுவலகம் செய்யும்?

பிளக்குக்காரர் அந்தப் பெட்டியைக் கண்ணில் வைத்துக் காத்தார். காலையில் யார்டுக்குள் நுழைந்ததும் முதலில் அங்கேதான் போவார். எண்ணைப் பார்ப்பார். பிறகு கதவுப் பக்கம் வந்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "மாப்ளே" என்று மெல்லக் கூப்பிடுவார். அன்றைக்குப் போடாத கூப்பாடு. பதில் வந்துவிடுமோ என்று நிற்பார். பிறகு மழை வந்தது, மார்க்கெட்டில் ஆரஞ்சு மலிந்தது என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வார்.

"உங்க வீட்டம்மாகிட்டகூட இவ்வளவு பேச மாட்டீங்க போல" என்று கிரேன்காரர் கிண்டலடிப்பார். அவருக்கு விஷயம் தெரியாது.

குளிர்ப்பெட்டியின் காற்றாடி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்காது. உள்ளே சுருளில் பனி படிந்தால் சற்று நேரம் நின்று, பனியை உருக்கிவிட்டுத் திரும்ப ஓடும். அந்த இடைவெளியில் இரும்பு சூடேறி, பனிக்கட்டி விண்டு விழுந்து, டொக் டொக்கென்று சத்தம் வரும். எல்லாப் பெட்டியிலும் வரும். அவரே புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு பெட்டியில் வரும்போது மட்டும் அவருக்குக் கால் நகராது. அது பனிதான் என்று தெரியும், தெரிந்தே கேட்டுக்கொண்டு நிற்பார். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி டக்கென்று நின்றாலே சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். "என்னங்க, யாரோ கூப்பிட்ட மாதிரி முழிக்கிறீங்க?" என்பாள் மனைவி.

ஒரு கோடையில் யார்டு முழுக்க மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் பாதிப் பெட்டிகளுக்குத்தான் தாங்கும். மேலாளர் புது இறால் பெட்டிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். பிளக்குக்காரர் ஜெனரேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல அதுக்கு" என்று பிடிவாதமாக நின்றார். "அது என்ன உங்க தாத்தா சொத்தா? அழுகின பழத்துக்குப் போய் இப்படி உயிரை விடுறீங்க!" என்று மேலாளர் எகிறினார். உத்தரவு, சீல், இரண்டு கவர்மென்ட்டு என்று என்னென்னவோ சொல்லிப் பிளக்குக்காரர் சாதித்தார். உண்மை வேறு. குளிர் நின்றால் நாற்றம் வரும். ஆப்பிள் அழுகிய நாற்றம் எது, இன்னொன்று அழுகிய நாற்றம் எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். அதற்குத்தான் பயந்தார்.

தங்கை கடையை விடவில்லை. உள்ளூர்ப் பழம் போட்டு நடத்தினாள். புருஷன் உட்காரும் நாற்காலியில் யாரையும் உட்காரவிட மாட்டாள். கடையைக் கைமாற்றிக்கொடு என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "பெட்டி திறக்கட்டும்." வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமே என்றாலும் அதே பதில். வேறு கல்யாணம் பண்ணிக்கொள் என்று துணிந்து சொன்ன அத்தைக்கும் அதே பதில், கொஞ்சம் காரமாக. வரி இறங்கி வழக்கு முடிந்தால் புருஷன் தலைகாட்டுவார் என்று நம்புகிறாள், பைத்தியக்காரி, என்று ஊர் பேசியது. பிளக்குக்காரரும் அப்படித்தான் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனால் பரிமாறிக்கொண்டே கேட்பாள்.

"பெட்டி ஓடுதா அண்ணே?"

"ஓடுதும்மா."

"எவ்வளவு குளிரு?"

"அதே பூஜ்யந்தான்."

அதற்குமேல் கேட்க மாட்டாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவாள். ஒருமுறை பிளக்குக்காரரின் மனைவி, "உங்க தங்கச்சி எவ்வளவு குளிரடிச்சாலும் போர்த்திக்கிறதே இல்ல, கவனிச்சீங்களா? போர்வையை மடிச்சுத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு வெறும் உடம்போட நடுங்கிக்கிட்டுப் படுக்குறா" என்று சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

இப்போது சமாதானம். பெட்டி திறக்கிற அன்று சரக்குக்காரர் தரப்பில் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிளக்குக்காரர் கடைக்குப் போனார். தங்கை ஆரஞ்சுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ வர வேணாம்மா. நான் பேப்பரை இங்கயே வாங்கிட்டு வந்துடறேன், கையெழுத்துப் போட்டுக் குடு."

"ஏன், நான் வந்தா என்ன?"

"அங்க ஒரே லாரியும் தூசியுமா..."

"அண்ணே." அவள் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். "சரக்குக்காரர் இல்லைன்னா சரக்குக்காரர் பொண்டாட்டி. நான் வருவேன்."

அவளிடம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். அன்று முதல் அவருக்குச் சாப்பாடு மண் மாதிரி ஆகிவிட்டது.

திறக்கிற நாள் காலையில் யார்டைக் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். இப்போதிருக்கும் சுங்க அதிகாரி ஒரு பெண், சுறுசுறுப்பானவர். அந்த நாட்டிலிருந்து இரண்டு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து வெயிலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தங்கை ஒரு பெரிய துணிப்பையோடு வந்து ஓரமாக நின்றாள். அதிகாரி புது ஏற்பாட்டை எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். உள்ளூர்த் தோட்டங்களில் அறுவடை நடக்கிற மாதங்களில் வெளிநாட்டு ஆப்பிளுக்கு வரி கூடுதல், மற்ற மாதங்களில் குறைவு. தோட்டக்காரருக்கும் நஷ்டமில்லை, தள்ளுவண்டிக்காரருக்கும் பழம் கிடைக்கும். பதிலுக்கு இந்த நாட்டுக் குழாய்க்குப் போட்ட வரியை அவர்கள் எடுத்துவிடுவார்கள்.

"இன்னொரு முக்கியமான விதி" என்றார் அதிகாரி, முகம் மலர. "இனிமே வரி மாறினா, ஏற்கெனவே கப்பல்ல ஏறின சரக்குக்கு ஏறின நாளோட வரிதான். ஒரு வரியில எழுதியாச்சு. இந்தப் பெட்டியாலதான் இந்த விதியே வந்தது. நீங்க எல்லாரும் பெருமைப்படணும்."

ஒரே ஒரு வரி. அதை அன்றைக்கே எழுதியிருந்தால் மாப்பிள்ளை கத்தியிருக்க மாட்டார், பெட்டிக்குள் ஏறியிருக்க மாட்டார். இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை வருஷம் உட்கார்ந்து யோசித்தா இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பிளக்குக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைதட்டினார்கள். தங்கை கைதட்டவில்லை.

"பிளக்கண்ணே, திறங்க" என்றார் கிரேன்காரர்.

அவர் தங்கையின் பக்கத்தில் போனார். கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்தார். அப்போதுதான் பைக்குள் இருப்பது கண்ணில் பட்டது. மடித்து வைத்த போர்வை. மாப்பிள்ளையின் பழைய கம்பளிப் போர்வை.

"இது எதுக்கும்மா?" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "உள்ள குளிருமே அண்ணே."

ஞாயிற்றுக்கிழமைதோறும் எவ்வளவு குளிர் என்று கேட்டது எதற்கு, போர்த்தாமல் படுத்தது எதற்கு, பெட்டி திறக்கட்டும் என்றது எதற்கு, எல்லாம் ஒரே நொடியில் அவருக்கு விளங்கிற்று. அவர் நினைத்ததைத்தான் அவளும் நினைத்திருக்கிறாள், முதலிலிருந்தே.

சீல்களை வெட்டினார்கள். பிளக்குக்காரர் நெம்புகோலில் கை வைத்தார், எடுத்தார். உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். "உள்ள யாரு?" என்றார். திறக்கிறதுக்கு எதுக்கய்யா கூப்பாடு என்று சிரிக்க வாயெடுத்த கிரேன்காரர், அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. வெள்ளைப் புகை காலில் வழிந்தது. உள்ளே காற்றில்லை, உடனே ஏறக்கூடாது என்று அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். எல்லாரும் நின்றார்கள். நனைந்த அட்டை வாடை, புளித்துப்போன இனிப்பு வாடை. பிளக்குக்காரர் மூக்கை விடைத்து விடைத்து முகர்ந்தார். அவர் தேடிய வாடை வரவில்லை. இன்னும் வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டார்.

ஏறலாம் என்றதும் அவர்தான் முதலில் ஏறினார். தூக்குவண்டி ஓர் அடுக்காக வெளியே எடுத்தது. ஒவ்வோர் அடுக்கு நகரும்போதும் அதன் பின்னால் எட்டிப் பார்ப்பார். அட்டை, பழம், அட்டை. பழம் என்றா சொல்வது? தோல் சுருங்கிக் கறுத்து, கிழவன் கைமுட்டி மாதிரி. மறுபடி ஓர் அடுக்கு. கடைசி அடுக்கும் போயிற்று. பின்சுவரின் சல்லடை தெரிந்தது. வெறும் தரை. மூலை வரை போய்க் கையால் தடவிப் பார்த்தார். யாரும் இல்லை.

அந்தக் குளிர்ந்த தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். நான் கொல்லவில்லை. நான் கொல்லவில்லை. எழுந்து விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"இல்லம்மா! உள்ள இல்ல! வெளிய போயிட்டார், அந்த மழையிலயே போயிட்டார். உயிரோட இருக்கார்ம்மா!"

முதலில் இறக்கிய அடுக்கின் பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். மேலே ஓர் அட்டைப்பெட்டி கிழிந்திருந்தது. அவள் கையில் ஒரு பழம். காய்ந்து மரக்கட்டையாகிப்போன அதில் ஒரு கடி. கடியின் நடுவே மெல்லிசாக ஒரு வரப்பு.

"ருசி பார்த்துட்டு வச்சுட்டுப் போயிருக்கார்" என்றாள்.

"ஆமாம்மா, ஆமா. அதான் சொல்றேன். எங்கயோ நல்லா இருக்கார்."

"நல்லா இருக்கார்." அவள் அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்ப்பவள் போலச் சொன்னாள். அப்புறம்தான் முகம் கோணியது. "உள்ள இருக்கார்னு நினைச்சுக்கிட்டு இத்தனை வருஷம் அவரோட குடும்பம் நடத்தினேன் அண்ணே. அவருக்குக் குளிருமேன்னு நான் போர்த்திக்கல. அவரு தனியா கிடக்காரேன்னு கடையை விடல. செத்துப்போனவர் என்னை விட்டுட்டுப் போகலையே. இப்ப உயிரோட இருக்கார்ங்கிறியே, நான் யாரோட நடத்துவேன்?"

அந்த நாட்டுக்காரர்கள் ஏதோ அழுகிய சரக்குக்காக இவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.

"கூப்பாடு போட்டியான்னு உன்னைக் கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வரும்" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேட்டா நீ பொய் சொல்ல வேண்டி வரும். அதான் கேக்கல."

"போடல. நான் போடலம்மா."

"தெரியும்."

அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பையிலிருந்து போர்வையை எடுத்து உதறி அவர் தோளில் போர்த்திவிட்டாள். அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பழத்தை என்ன செய்வது என்று அதிகாரி கேட்டதற்கு, மற்ற பழத்தோடு சேர்த்தே கொட்டச் சொல்லிவிட்டு, கையிலிருந்ததையும் அந்தக் குவியலில் போட்டாள்.

"பிளக்கைக் கழட்டிடுங்க" என்றார் அதிகாரி.

அவர் கழற்றினார். முகப்பில் எரிந்துகொண்டிருந்த எண் அணைந்தது. காற்றாடி இழுத்து இழுத்துச் சுற்றி நின்றது. அந்த யார்டில் அவ்வளவு அமைதியை அவர் கேட்டதே இல்லை.

மற்றவர்கள் போன பிறகு காலிப் பெட்டியைச் சாத்த வேண்டியிருந்தது. போர்வையோடு போய்க் கதவை இழுத்தார். கை தானாக இரண்டு தட்டுத் தட்டியது. "மாப்ளே" என்றார். இத்தனை வருஷமும் பதில் வந்துவிடக்கூடாதே என்று நின்ற இடத்தில், இன்றைக்கு வந்தால் தேவலையே என்று நின்றார். இரும்பு சூடேறி உள்ளே எங்கேயோ டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. அவர் காதைக் கதவோடு வைத்துக்கொண்டார்.

"வா அண்ணே, போலாம்" என்று பின்னாலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

"இரும்மா" என்றார் அவர், காதை எடுக்காமல்.